கறுப்பு-வெள்ளை பிலிம் கழுவும் நேரமும் வெப்பநாட்டுச் சோதனைகளும்

கறுப்பு-வெள்ளை பிலிம் கழுவும் நேரம் என்பது, கேமராவில் ஒளிபட்ட பிலிம் டெவலப்பர் கரைசலில் இருக்க வேண்டிய கால அளவு. பிலிம் பெட்டியிலும் டெவலப்பர் பொட்டலத்திலும் இந்த நேரம் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் அது பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள கரைசலுக்காகக் கணக்கிடப்பட்டது. திருவண்ணாமலையிலும் அதை ஒட்டிய வேங்கிக்காலிலும் கோடைப் பகலின் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். அப்போது குழாயில் வரும் நீரே 30 டிகிரி அளவில் இருக்கும். ஆகவே தமிழ்நாட்டில் பிலிம் கழுவியவர்கள் அச்சிட்ட நேரத்தை அப்படியே பின்பற்ற முடியவில்லை. தங்கள் தண்ணீருக்கும் தங்கள் வெயிலுக்கும் உரிய நேரத்தை அவர்கள் சோதித்துத்தான் கண்டறிய வேண்டியிருந்தது. குளிர்நாடுகளில் இச்சோதனை படத்தின் தரத்தைக் கூட்டும் ஒரு நுட்பம். வெப்பநாட்டில் படம் பிழைக்குமா என்பதே அதைப் பொறுத்திருந்தது.

நேரத்தின் வேலை

பிலிமின் மேல் பூசப்பட்ட ஜெலட்டின் படலத்தில் வெள்ளி உப்புத் துகள்கள் உள்ளன. ஒளிபட்ட துகள்களை டெவலப்பர் கறுத்த வெள்ளியாக மாற்றுகிறது. ஒளிபடாத துகள்களை ஹைப்போ கரைத்து நீக்குகிறது. இவ்வாறு கிடைப்பதே நெகட்டிவ். காட்சியில் வெளிச்சமான இடம் நெகட்டிவில் அடர்ந்த கறுப்பாகவும், நிழலான இடம் ஏறக்குறைய தெளிவாகவும் இருக்கும்.

நிழல் பகுதியில் டெவலப்பரின் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். அங்கே மாற்றுவதற்குத் துகள்கள் குறைவு. வெளிச்சப் பகுதியில் நேரம் செல்லச் செல்ல அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். எனவே நிழலில் என்ன தெரியும் என்பதைப் படம் எடுக்கும்போது கொடுக்கும் ஒளியே பெரும்பாலும் முடிவு செய்கிறது. வெளிச்சத்தில் என்ன தங்கும் என்பதைக் கழுவும் நேரம் முடிவு செய்கிறது. நேரம் கூடினால் வெள்ளை வேட்டியின் மடிப்புகள் மறைந்து வெறும் வெள்ளையாகும். குறைந்தால் படம் முழுவதும் சாம்பல் பூத்தது போல் மங்கும். வெப்பம் ஏறினால் டெவலப்பர் வேகமாக வேலை செய்வதால், நேரத்தையும் வெப்பத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கண்ணால் பார்த்துக் கழுவிய காலம்

தமிழகத்தில் ஒளிப்படக்கலை 1850-களில் வேரூன்றியது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1858-ல் மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை ஆகிய இடங்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பல படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி ஒரே நீண்ட படமாக்கியது அவரது புகழ்பெற்ற பணி. அவ்வாறு ஒட்டும்போது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் கருமையில் வேறுபாடு இருந்தால் இணைப்பு கண்ணை உறுத்தும். ஒவ்வொரு நெகட்டிவையும் ஒரே சீராகக் கழுவுவது அன்றே ஒரு தேவையாக இருந்ததை இப்பணி காட்டுகிறது.

அக்காலத்தில் நெகட்டிவ்கள் காகிதத்திலும் கண்ணாடியிலும் எடுக்கப்பட்டன. மங்கலான விளக்கொளியில் உருவம் எழுவதைக் கண்ணால் பார்த்து, போதும் என்று தோன்றியபோது நிறுத்தினார்கள். 1871-ல் ரிச்சர்ட் லீச் மேடக்ஸ் ஜெலட்டின் உலர்தகடு பற்றிய தமது சோதனையை வெளியிட்டார். அதன்பின் வந்த உலர்தகடுகளைச் சிவப்பு விளக்கில் பார்த்துக்கொண்டே கழுவ முடிந்தது. கைப்பழக்கமும் கண்பழக்கமுமே அப்போது அளவுகோல்கள்.

அளவீட்டின் தொடக்கம்

இதை அறிவியலாக மாற்றியவர்கள் இங்கிலாந்தின் விட்னஸ் நகரில் வேதித் தொழிற்சாலையில் பணியாற்றிய இருவர். ஒருவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த வேதியியலாளர் ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர். மற்றவர் பொறியாளர் வெரோ சார்ல்ஸ் டிரிஃபீல்ட். 1890-ல் வெளியான அவர்களின் ஆய்வுக் கட்டுரை, தகட்டின் மேல் விழும் ஒளிக்கும் அதில் உண்டாகும் கருமைக்கும் உள்ள உறவை ஒரு கோடாக வரைந்து காட்டியது. கழுவும் நேரம் கூடக்கூட அக்கோட்டின் சாய்வு செங்குத்தாகிறது என்பதை அவர்கள் நிறுவினர். இந்தச் சாய்வு காமா என்ற கிரேக்க எழுத்தால் குறிக்கப்பட்டது. நேரத்தைக் கொண்டு படத்தின் மாறுபாட்டை, அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான விலகலை, கட்டுப்படுத்தலாம் என்பது அதன்மூலம் தெளிவானது.

சில ஆண்டுகளில் ஹியர்ஃபோர்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் வாட்கின்ஸ் ஓர் எளிய முறையைக் கொண்டுவந்தார். டெவலப்பர் ஊற்றியதிலிருந்து உருவத்தின் முதல் தடயம் தோன்றும் வரை எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். அந்த டெவலப்பருக்கென்று குறித்துவைத்த எண்ணால் அதைப் பெருக்கினால் மொத்த நேரம் கிடைக்கும். கரைசல் சூடாக இருந்தால் உருவம் விரைவில் தோன்றும், மொத்த நேரமும் தானாகக் குறையும். வெப்பமானி இல்லாதவருக்கும் இம்முறை உதவியது.

ஆனால் 20-ஆம் நூற்றாண்டில் பரவிய பான்குரோமாட்டிக் பிலிம்கள் இந்த வசதியைப் பறித்தன. அவை சிவப்பு ஒளியையும் பதிவுசெய்பவை. எனவே அவற்றைச் சிவப்பு விளக்கில் கழுவ இயலாது, முழு இருட்டு வேண்டும். 1925-ல் லைக்கா கேமரா விற்பனைக்கு வந்தபின் 35 மில்லிமீட்டர் பிலிம் பரவியது. 36 படங்கள் கொண்ட ஒரு சுருளை மூடிய தொட்டிக்குள் ஒரே நேரத்தில் கழுவும் முறை வழக்கமானது. அதன்பின் கழுவுபவரிடம் மிஞ்சியவை கடிகாரமும் வெப்பமானியும் மட்டுமே. நேரம் தவறினால் ஒரு படம் மட்டுமல்ல, 36 படங்களும் ஒன்றாகத் தவறும்.

வெப்பநாட்டுச் சிக்கல்

1927-ல் கோடக் நிறுவனம் வெளியிட்ட டி-76 டெவலப்பர் உலகெங்கும் அளவுகோலாக அமைந்தது. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம் என்பது அதன் கலவை. இத்தகைய டெவலப்பரில் 20 டிகிரியில் 10 நிமிடம் கழுவ வேண்டிய பிலிமுக்கு 24 டிகிரியில் சுமார் 7 நிமிடம் போதும். 27 டிகிரியில் ஐந்தரை நிமிடம், 30 டிகிரியில் சுமார் 4 நிமிடம் என்று அது குறையும். இது பொதுவான கணக்கு. பிலிமுக்குப் பிலிம், டெவலப்பருக்கு டெவலப்பர் இது மாறும்.

நேரம் சுருங்குவதால் மூன்று இடர்கள் வருகின்றன.

முதலாவது, பிழைக்கு இடமின்மை. 10 நிமிடத்தில் அரை நிமிடம் தவறினால் பிழை 5 விழுக்காடு. 4 நிமிடத்தில் அதே அரை நிமிடம் 12 விழுக்காட்டுக்கு மேல். மேலும் ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால் டெவலப்பர் பிலிம் முழுவதும் சமமாக வேலை செய்யாது. வானம் போன்ற சீரான பரப்பில் திட்டுத்திட்டாக அடையாளங்கள் விழும்.

இரண்டாவது, ஜெலட்டின் இளகுதல். சூடான நீரில் ஜெலட்டின் ஊதி மென்மையாகிறது. விரல் பட்டாலே கீறல் விழும். ஒரு கரைசலிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது வெப்பம் திடீரென மாறினால், படலம் வறண்ட ஏரி மண் போல் நுண்ணிய வெடிப்புகள் கொள்ளும்.

மூன்றாவது, புகைமூட்டம். வெப்பம் மிகுந்தால் ஒளிபடாத துகள்களும் ஓரளவு கறுத்து, நெகட்டிவ் முழுவதும் மெல்லிய சாம்பல் படரும்.

இவற்றுக்கு வெப்பநாடுகளில் பல மாற்றுவழிகள் கையாளப்பட்டன. டெவலப்பரில் லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் வரை சோடியம் சல்பேட் சேர்த்தால் ஜெலட்டின் ஊதுவது குறையும், நேரமும் சற்று நீளும். டெவலப்பருக்குப் பின் குரோம் படிகாரக் கரைசலில் அமிழ்த்தினால் படலம் இறுகும். டெவலப்பரைச் சம அளவு நீர் சேர்த்து நீர்க்கச் செய்தாலும் நேரம் நீளும். கரைசல் பாத்திரத்தைப் பனிக்கட்டி நீரில் நிறுத்திக் குளிர வைப்பது, மண்பானையில் ஊறிய நீரைப் பயன்படுத்துவது, பகலைத் தவிர்த்து விடியற்காலையில் கழுவுவது ஆகியவை செலவில்லாத வழிகள். இவற்றில் எதைச் செய்தாலும் அச்சிட்ட நேரம் பொருந்தாமல் போகும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மீண்டும் ஒரு சோதனை தேவைப்பட்டது.

சென்னையின் திரைப்பட ஆய்வகங்களுக்கு இந்தச் சிக்கல் வேறு வகையில் தீர்ந்தது. அங்கே கரைசலின் வெப்பம் இயந்திரத்தால் கட்டுப்படுத்தப்பட்டது. படிப்படியாக ஒளியேற்றிய சோதனைத் துண்டு ஒன்றைக் கழுவி, அதன் அடர்த்தியை அளந்து, நெகட்டிவின் காமா 0.65 அளவில் இருக்குமாறு நேரத்தைத் திருத்துவது ஆய்வக நடைமுறை. சிற்றூர் ஸ்டுடியோவின் இருட்டறையில் அடர்த்திமானியும் இல்லை, குளிர்சாதனமும் இல்லை. அங்கே சோதனையை ஒரு மனிதர் தம் கையாலும் கண்ணாலும் செய்ய வேண்டியிருந்தது.

திருவண்ணாமலையின் படங்கள்

தமிழ்நாட்டில் கறுப்பு-வெள்ளைப் படங்களால் உலகம் அறிந்த ஊர்களில் திருவண்ணாமலை ஒன்று. இதற்கு முதன்மைக் காரணம் ரமண மகரிஷி. 1896-ல் திருவண்ணாமலைக்கு வந்த அவர் 1950-ல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார். சென்னை மருத்துவர் டி.என். கிருஷ்ணசாமி அவரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து படமெடுத்தார். பெங்களூரைச் சேர்ந்த ஜி.ஜி. வெல்லிங் 1946-ல் எடுத்த மார்பளவுப் படமே இன்று பெரும்பாலான வீடுகளிலும் நூல்களிலும் காணப்படுவது. 1949-ல் அமெரிக்காவின் லைஃப் இதழ் எலியட் எலிசோஃபன் எடுத்த படங்களுடன் ரமணரைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டது.

பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். ரமணரின் இறுதி நாட்களையும், ஏப்ரல் 14 இரவு அவர் மறைந்தபின் கூடிய மக்களையும் படமெடுத்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் காந்தி சுடப்பட்ட நாளில் அவரைச் சந்தித்துப் படமெடுத்தவரும் இவரே. பிலிம் கழுவுவதிலும் பிரிண்ட் போடுவதிலும் கார்த்தியே-பிரெஸ்ஸோனுக்கு ஈடுபாடு இல்லை. அதை அவர் தேர்ந்த இருட்டறைக் கலைஞர்களிடம் விட்டுவிடுவார். ஒளிப்படக்காரரின் பெயர் நிலைத்தாலும், நெகட்டிவ் நிலைப்பது கழுவியவரின் கணக்கைப் பொறுத்தது.

இத்தகைய படங்களில் கழுவும் நேரம் என்ன செய்கிறது என்பதை ரமணரின் உருவத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். மாநிறத் தோல், வெண்மையான தலைமுடி, தாடி, வெள்ளைக் கோவணம், பின்னால் இருண்ட சுவர். நேரம் அதிகமானால் தாடி தனித்தனி இழைகளாகத் தெரியாமல் வெள்ளைத் திட்டாகிவிடும். குறைந்தால் முகத்தின் மேடுபள்ளங்கள் தட்டையாகிவிடும். கண்களில் உள்ள ஒளிப்புள்ளியும் தாடியின் இழையும் ஒரே படத்தில் தெரிய வேண்டுமானால் நேரத்தை எல்லைக்குள் நிறுத்த வேண்டும். மறைந்தவரை மறுபடி படமெடுக்க முடியாது.

கோபுரமும் தீபமும்

காட்சிக்கேற்ப நேரத்தை மாற்றும் முறையை ஒழுங்குபடுத்தியவர்கள் அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்ஸ், ஃபிரெட் ஆர்ச்சர் ஆகிய இருவர். 1939-40 காலத்தில் லாஸ் ஏஞ்சலீஸ் கலைப்பள்ளியில் அவர்கள் உருவாக்கிய ஸோன் சிஸ்டம் எனும் மண்டல முறை, ஒரு காட்சியின் ஒளி அளவுகளை முழுக் கறுப்பு முதல் முழு வெள்ளை வரை படிகளாகப் பிரிக்கிறது. முக்கியமான நிழலுக்கு ஏற்ப ஒளி கொடுத்து, வெளிச்சப் பகுதி எந்தப் படியில் விழ வேண்டும் என்பதற்கேற்ப நேரத்தைக் கூட்டியோ குறைத்தோ கழுவ வேண்டும். மாறுபாடு மிகுந்த காட்சிக்கு நேரம் குறையும், மந்தமான காட்சிக்குக் கூடும்.

அண்ணாமலையார் கோயில் இம்முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. 217 அடி உயரமும் 11 நிலைகளும் கொண்ட ராஜகோபுரம் நண்பகலில் கண்கூசும் வெளிச்சத்தில் நிற்கும். அதன் வாயிலுக்குள்ளும் மண்டபத் தூண்களுக்கு இடையிலும் அடர்ந்த நிழல் இருக்கும். இரண்டும் ஒரு படத்தில் தெரிய வேண்டுமானால் வழக்கமான நேரத்தில் ஏறக்குறைய 20 முதல் 30 விழுக்காடு குறைக்க வேண்டும். வெப்பநாட்டுச் சிக்கல் இங்கே முழுமையாக வெளிப்படுகிறது. கரைசலின் வெப்பத்தால் நேரம் ஏற்கெனவே 4 நிமிடமாகச் சுருங்கியிருக்கும்போது, அதில் மேலும் ஒரு நிமிடம் குறைத்தால் படம் திட்டுத்திட்டாகும். எந்த வெயில் நேரத்தைக் குறைக்கச் சொல்கிறதோ அதே வெயில் குறைக்க இடமில்லாமலும் செய்கிறது. எனவே முதலில் டெவலப்பரை நீர்க்கச் செய்தோ குளிர்வித்தோ நேரத்தை நீட்ட வேண்டும். அதன்பிறகே காட்சிக்கேற்பக் குறைக்க முடியும்.

கார்த்திகை தீபத்தன்று 2668 அடி உயர மலை உச்சியில் ஏற்றப்படும் தீபம் இன்னொரு எல்லை. இருளில் நீண்ட நேரம் ஒளி கொடுத்து எடுக்கும்போது பிலிமின் உணர்திறன் நிழல் பகுதியில் குறைந்துவிடும், மாறுபாடு மிகும். ஆகவே ஒளியைக் கணக்குக்கு மேல் கூட்டி, கழுவும் நேரத்தைக் குறைக்க வேண்டும். தீபம் ஆண்டுக்கு ஒருமுறை வரும் விழாவையொட்டி மட்டுமே ஏற்றப்படுவதால், வேறொரு இரவில் தெருவிளக்கையும் மலையின் நிழலையும் வைத்து முன்கூட்டியே சோதித்துக்கொள்வதே வழி.

ஊட்டியில் பிறந்த பிலிம்

இந்திய அரசு 1960-ல் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. பிரான்சின் பவுஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1967-ல் உற்பத்தி தொடங்கியது. பிலிம் பூச்சுக்குத் தூசு குறைந்த குளிர்ந்த காற்று தேவை என்பதால் நீலகிரி ஏற்ற இடமாக இருந்தது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு-வெள்ளை பிலிம், பிரிண்ட் காகிதம், எக்ஸ்ரே பிலிம், திரைப்படப் பிரதி பிலிம் ஆகியவை அங்கிருந்து நாடெங்கும் சென்றன. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில் பல ஸ்டுடியோக்களுக்குக் கிடைத்த பிலிம் இதுவே.

வேறொரு பிலிமுக்கு வைத்திருந்த நேரம் புதிய பிலிமுக்குப் பொருந்தாது. மலையின் குளிரில் பூசப்பட்ட பிலிம் சமவெளியின் வெயிலில் கழுவப்பட்டது. பிலிம் மாறியபோதெல்லாம் ஸ்டுடியோக்காரர் தம் நேரத்தைப் புதிதாகக் கண்டறிய வேண்டியிருந்தது. வண்ணப் படங்களின் வருகையால் கறுப்பு-வெள்ளையின் தேவை சுருங்கியது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1990-களில் நலிவடைந்து, பின்னர் உற்பத்தி நின்றது.

சோதனை முறை

கழுவும் நேரத்தைச் சோதித்து அமைப்பதற்கு அடர்த்திமானி இல்லாமலே பின்பற்றக்கூடிய முறை ஒன்று உண்டு. அதன் படிகள் வருமாறு:

1. கரைசலை எந்த வெப்பத்தில் ஆண்டு முழுவதும் வைத்திருக்க முடியும் என்று முடிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 20 டிகிரியை விட 24 டிகிரி எளிதாகக் கைகூடும். டெவலப்பர், ஹைப்போ, அலசும் நீர் ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும்.

2. வெயிலில் வெள்ளைத் துணியும் கரிய துணியும் ஒன்றாகத் தெரியும் காட்சி ஒன்றை அமைத்து, ஒரு சுருள் முழுவதும் அதையே ஒரே அளவு ஒளியில் எடுக்க வேண்டும்.

3. இருட்டில் சுருளை மூன்று துண்டாக்கி, முதல் துண்டைக் கணக்கிட்ட நேரத்திலும், இரண்டாவதை 20 விழுக்காடு குறைத்தும், மூன்றாவதை 20 விழுக்காடு கூட்டியும் கழுவ வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிய டெவலப்பரே பயன்படுத்த வேண்டும். தொட்டியை அசைக்கும் முறையும் மாறக்கூடாது.

4. நெகட்டிவின் படமில்லாத ஓரத்தைப் பிரிண்ட் காகிதத்தில் முழுக் கறுப்பாக்கத் தேவையான குறைந்தபட்ச ஒளிநேரத்தைக் கண்டறிந்து, மூன்று துண்டுகளையும் அதே நேரத்தில் பிரிண்ட் போட வேண்டும்.

5. மூன்று பிரிண்டிலும் கரிய துணியின் நெசவு தெரியவில்லை என்றால் குறை கழுவியதில் இல்லை, ஒளியில் உள்ளது. அடுத்த முறை அதிக ஒளி கொடுக்க வேண்டும். கரிய துணி சரியாக இருந்து, வெள்ளைத் துணியின் மடிப்புகள் எந்தப் பிரிண்டில் தெளிவாகத் தெரிகின்றனவோ, அந்தத் துண்டின் நேரமே உரிய நேரம்.

இந்தச் சோதனையில் முக்கியமான விதி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. வெப்பத்தையும் நேரத்தையும் ஒன்றாக மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது. கிடைத்த நேரத்தை நாள், வெப்பம், பிலிம், டெவலப்பர் ஆகியவற்றுடன் குறித்துவைப்பது சோதனையின் ஒரு பகுதி. குறிப்பு இல்லாத சோதனையை அடுத்த கோடையில் மீண்டும் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டிவரும்.

ஆவணங்களும் இன்றைய நிலையும்

1955-ல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியக் கோயில்கள், சிற்பங்கள் பற்றிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒளிப்படங்களைச் சேர்த்துள்ளது. அவற்றில் பெரும்பகுதி கறுப்பு-வெள்ளை. திருவண்ணாமலைக் கோயிலின் கல்வெட்டுகள், கட்டடக்கலை, சமூக அமைப்பு ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுத் தொகுதிகளையும் அந்நிறுவனம் வெளியிட்டுள்ளது. திருடப்பட்ட சிலைகளை அடையாளம் காண அதன் பழைய படங்கள் சான்றாகப் பயன்பட்டுள்ளன. அவ்வாறு ஒப்பிடும்போது பார்க்கப்படுவது சிலையின் விளிம்பில் உள்ள சிறு சிதைவு, உலோகப் பரப்பில் உள்ள கீறல் போன்ற நுண்தடயங்கள். நெகட்டிவ் மிகையாகக் கழுவப்பட்டிருந்தால் பளபளக்கும் உலோகப் பரப்பில் அந்தத் தடயங்கள் மறைந்திருக்கும். சரியாகக் கழுவிய நெகட்டிவ் பல ஆண்டுகளுக்குப் பிறகு சட்டச் சான்றாகவும் ஆகிறது.

தமிழக ஸ்டுடியோக்களின் பழைய படங்களை மின்னாக்கம் செய்யும் பணியையும் இந்நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியுடன் மேற்கொண்டது. திருவண்ணாமலையில் ரமணாசிரமம் ரமணரின் படங்களைத் தன் காப்பகத்தில் பாதுகாத்து வருகிறது.

கறுப்பு-வெள்ளை பிலிம் இன்றும் உற்பத்தியாகிறது. மாணவர்களும் ஆர்வலர்களும் மீண்டும் அதைக் கையில் எடுத்துள்ளனர். கழுவும் நேரப் பட்டியல்கள் கைபேசியிலேயே கிடைக்கின்றன. ஆயினும் அவற்றில் பெரும்பாலானவை இன்றும் 20 டிகிரியில்தான் தொடங்குகின்றன. வேங்கிக்காலில் ஒரு மே மாதப் பகலில் குழாயைத் திறப்பவருக்கு அந்தப் பட்டியல் தொடக்கப்புள்ளி மட்டுமே. மீதியை அவர் தம் தண்ணீரில் ஒரு சுருளைச் செலவழித்தே அறிய வேண்டும். அந்த ஒரு சுருளின் செலவு, பின்னால் எடுக்கப்போகும் எல்லாச் சுருள்களுக்கும் காப்பாக அமையும்.